வட்டம் முதல் எமரால்டு வரை: வைரத்தின் கட் தரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

வைரங்களைத் தரம்பிரிக்கும் அமெரிக்க ஆய்வகமான ஜிஐஏ வட்ட வைரத்துக்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டில் ‘கட்’, அதாவது பட்டை தீட்டிய தரம், என்று தனியாக ஒரு வரி இருக்கும். எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர் ஆகிய ஐந்தில் ஒன்று அங்கே எழுதியிருக்கும். 2006 முதல் இந்த முறை நடப்பில் உள்ளது. ஓவல், பியர், எமரால்டு (இங்கே மரகதம் அல்ல, நீள்சதுர வடிவ வைரம்), குஷன் போன்ற மற்ற வடிவக் கற்களின் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் அந்த வரியே இருக்காது. பாலிஷ், சிமெட்ரி இரண்டு மட்டும்தான் இருக்கும்.

புதிதாக வாங்க வருபவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். “இந்த ஓவல் டபுள் எக்ஸலன்ட்” என்று கடையில் சொன்னால், கட் எக்ஸலன்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாலிஷ் என்பது பட்டைகளின் மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பது. சிமெட்ரி என்பது பட்டைகள் ஒழுங்காக அமைந்து, சந்திக்க வேண்டிய இடத்தில் சந்திக்கின்றனவா என்பது. உள்ளே போன வெளிச்சம் கண்ணுக்குத் திரும்பி வருகிறதா என்று இரண்டுமே சொல்லாது. இரண்டிலும் எக்ஸலன்ட் வாங்கிய ஓவல் நடுவில் கறுத்துக் கிடப்பதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

ஆகவே, வட்டம் தவிர்த்த வடிவங்களில் ரிப்போர்ட்டை வைத்து வேண்டாத கற்களைக் கழிக்க மட்டும்தான் முடியும். தேர்ந்தெடுக்க வேண்டியது வெறும் கண். லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி கடைசியில்தான் வர வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உட்கார்ந்ததும் லூப்பை எடுத்துக் கல்லுக்குள் புள்ளி தேடத் தொடங்குகிறார்கள். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையும் கண்ணால் இதே முறையில்தான் பார்க்க வேண்டும்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் டிரிப்லெட் லூப் ஒன்று, சாமணம், பஞ்சு நூல் விடாத மென்துணி, மடித்த வெள்ளை அட்டை, ஒரு மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள், கால்குலேட்டர். இவ்வளவு போதும்.

முடிந்தால் ஐடியல்ஸ்கோப் என்ற சின்னக் குழாயும் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே சிவப்பு நிறம் பூசியிருக்கும். கல்லை அதன் வழியாகப் பார்த்தால், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் இடம் சிவப்பாகவும், பார்ப்பவரின் தலை மறைக்கும் இடம் கறுப்பாகவும், வெளிச்சம் அடிவழியாக ஒழுகும் இடம் வெளுப்பாகவும் தெரியும். வட்டக் கல்லுக்கு இது மிக நம்பகமானது. மற்ற வடிவங்களில் ஓரளவு ஒழுக்கு இருந்தே தீரும். வட்டத்துக்கான கண்டிப்போடு பார்த்தால் நல்ல பியரைக்கூடத் தள்ளிவிடுவீர்கள்.

கல் தனியாக, நகையில் பதிக்காமல் இருக்க வேண்டும். இது நிபந்தனை. பதித்துவிட்டால் அடிப்பாகமும் இடைவிளிம்பும் மறைந்துவிடும். நம் ஊர் தோடு, மூக்குத்திகளில் பின்பக்கம் அடைத்த க்ளோஸ்டு செட்டிங் என்றால் கேட்கவே வேண்டாம், மேலிருந்து தெரிவது தவிர வேறெதையும் பார்க்க முடியாது.

நான்கு சொற்களை நினைவில் வையுங்கள். கல்லின் உச்சியில் உள்ள பெரிய தட்டையான பட்டை டேபிள். அதைச் சுற்றிச் சரியும் மேல்பாகம் கிரவுன். இடுப்புக்குக் கீழே கூம்பும் அடிப்பாகம் பெவிலியன். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவிளிம்பை கிர்டில் என்பார்கள்.

## 2. துடைத்த பிறகே பாருங்கள்

வைரத்தில் எண்ணெய்ப் பசை நன்றாக ஒட்டும். ஒருவர் விரலால் தொட்டு அடுத்தவர் கைக்கு வந்த கல்லில் ஒரு மெல்லிய பசைப் படலம் இருக்கும். அடிப்பாகத்தில் அது படிந்தால் அங்கே வெளிச்சம் முழுதாகத் திரும்பாது. நல்ல கட்டும் மந்தமாகத் தெரியும். துணியால் துடைத்து, அதன்பின் சாமணத்தால் மட்டும் பிடியுங்கள். சாமணம் கிர்டிலைப் பிடிக்க வேண்டும், டேபிளையும் அடிமுனையையும் பிடிக்கக்கூடாது.

அடுத்து வெளிச்சம். நகைக்கடைக் கூரையில் உள்ள சிறு ஸ்பாட் விளக்குகள் எந்தக் கல்லையும் மினுக்கிக் காட்டும். கண்ணாடிக் கல்லும் அங்கே ஜொலிக்கும். கல்லை எடுத்துக்கொண்டு நேர்வெயில் படாத சன்னல் ஓரத்துக்கு வாருங்கள். முடியாவிட்டால், அலுவலகங்களில் இருப்பது போன்ற பரவலான டியூப்லைட் வெளிச்சம் போதும். பரவிய வெளிச்சத்திலும் உயிரோடு இருக்கிற கல்தான் நல்ல கட். கடைக்காரர் மறுத்தால், உங்கள் உள்ளங்கையை மேலே குடைபோலப் பிடித்து ஸ்பாட் விளக்கை மறையுங்கள். அந்த நிழலில் கல் செத்துப்போனால் அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முகத்தைக் கல்லுக்கு மேலே கொண்டுபோய்க் குனியாதீர்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். கிட்டே போகப் போக உங்கள் தலையே வெளிச்சத்தை மறைக்கும். கல்லுக்கு இல்லாத கறுப்பெல்லாம் அப்போது தெரியும்.

## 3. கேரட்டுக்கு முன்னால் மில்லிமீட்டர்

ரிப்போர்ட்டில் எல்லோரும் எடையைத்தான் முதலில் படிக்கிறார்கள். நீங்கள் அளவுகளைப் படியுங்கள். எடை என்பது கல்லின் மொத்தப் பருமன். கண்ணுக்குத் தெரிவது மேல்முகம் மட்டும். எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அளவு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு கேரட் வட்டக் கல் நன்றாகப் பட்டை தீட்டியிருந்தால் குறுக்களவு 6.4 முதல் 6.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதே எடையில் 6.25 அகலமும் 4.15 ஆழமுமாக ஒரு கல் வருகிறது என்று வையுங்கள். ஆழம் 66 சதவீதத்தைத் தாண்டுகிறது. பணம் ஒரு கேரட்டுக்கு, முகம் சுமார் 90 செண்ட் (ஒரு கேரட்டுக்கு நூறு செண்ட்) கல்லுக்கு.

ஏன் இப்படி வெட்டுகிறார்கள்? 99 செண்டுக்கும் 1.00 கேரட்டுக்கும் விலையில் பெரிய தாவல் இருக்கிறது. மூலக்கல்லிலிருந்து ஒரு வட்டம் எடுத்தால் பொதுவாகப் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். சூரத் பட்டறையில் அமர்ந்து திட்டம் போடுபவருக்கு, இன்னும் இரண்டு செண்டைக் காப்பாற்றுவதா, வெளிச்சத்தைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி ஒவ்வொரு கல்லிலும் வரும். அதனால் 0.50, 0.70, 1.00, 1.50 என்று எல்லைக்கோட்டில் சரியாக வந்து நிற்கும் கற்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு அளந்து பாருங்கள். 0.95, 0.97 போன்ற கற்களில் எடைக்காகத் தொப்பை வைக்கும் ஆசை குறைவு, விலையும் தணிவு.

வட்டமல்லாத கற்களில் ஒரு கணக்கு மாறுகிறது. ஆழச் சதவீதத்தைக் கல்லின் அகலத்தை வைத்துத்தான் வகுப்பார்கள், நீளத்தை வைத்து அல்ல. 8.00 × 5.80 × 3.60 என்று ஒரு ஓவல் வந்தால், 3.60-ஐ 5.80-ஆல் வகுக்க வேண்டும். ஆழம் 62 சதவீதம். நீள அகல விகிதம் 8.00-ஐ 5.80-ஆல் வகுத்தால் 1.38. கிட்டத்தட்ட அதே எடையில் 7.40 × 5.50 × 3.95 அளவில் இன்னொன்று வரலாம். அதன் ஆழம் 72 சதவீதம். மேல்முகம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது. காகிதத்திலேயே இரண்டாவதைக் கழித்துவிடலாம்.

ஒரு கேரட்டுக்கு உத்தேசமாக என்ன முகம் எதிர்பார்க்கலாம்? பிரின்சஸ், ஆஷர் இரண்டும் சுமார் 5.5 மில்லிமீட்டர் சதுரம். எமரால்டு 7 × 5 அருகில். ஓவல் 7.7 × 5.7 அருகில். மார்க்கீஸ் 10 × 5 அருகில். அரை மில்லிமீட்டர் குறைந்தாலே காரணம் கேளுங்கள்.

## 4. வட்டம்: எண்களை நம்பலாம், ஆனால் ஜோடியாக

வட்டத்தில் 57 அல்லது 58 பட்டைகளும் ஒரே ஒழுங்கில் அமைவதால் கோணங்களே பெரும்பாலான கதையைச் சொல்லிவிடும். என் வடிகட்டி இது: டேபிள் 54 முதல் 58 சதவீதம், மொத்த ஆழம் 60 முதல் 62.5, கிரவுன் கோணம் 34 முதல் 35 டிகிரி, பெவிலியன் கோணம் 40.6 முதல் 41, கீழ்ப்பாதிப் பட்டைகளின் நீளம் 75 முதல் 80 சதவீதம்.

இவற்றில் பெவிலியன் கோணத்துக்குத்தான் இடம் மிகக் குறைவு. வைரத்துக்குள் போன வெளிச்சம் அடிப்பட்டையில் மோதும்போது, பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் முழுதாகத் திரும்பும். அதற்குக் குறைந்தால் வெளியே ஒழுகிவிடும். அடிப்பாகம் மிகவும் தட்டையாக இருந்தால் கிர்டிலின் பிம்பம் டேபிளுக்குள் வெள்ளை வளையமாகத் தெரியும். இதை மீன்கண் என்பார்கள். மிகவும் ஆழமாக இருந்தால் டேபிளுக்கு அடியில் நடு முழுவதும் கறுத்துவிடும். இதற்கு ஆணித்தலை என்று பெயர்.

எண்களைத் தனித்தனியாகப் பார்ப்பது இன்னொரு தவறு. கிரவுன் செங்குத்தானால் பெவிலியன் சற்றுத் தட்டையாக வேண்டும், கிரவுன் தணிந்தால் பெவிலியன் சற்று ஏறலாம். 34.5-உம் 40.8-உம் நல்ல ஜோடி. 36-உம் 41.4-உம் சேர்ந்தால் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும், டேபிள் ஓரத்துக்கு அடியில் வெளிச்சம் ஒழுகும். ஜிஐஏ எக்ஸலன்ட் என்ற எல்லை நல்ல அகலமானது. கிரவுனில் 31.5 முதல் 36.5 வரை, பெவிலியனில் 40.6 முதல் 41.8 வரை அதற்குள் அடங்கும். ஆக, கட், பாலிஷ், சிமெட்ரி மூன்றிலும் எக்ஸலன்ட் வாங்கி, டிரிபிள் எக்ஸலன்ட் என்று சொல்லப்படும் கற்கள் இரண்டு இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

ஜிஐஏ ரிப்போர்ட்டில் கிரவுன் கோணம் அரை டிகிரிக்கும், பெவிலியன் கோணம் 0.2 டிகிரிக்கும் முழுமையாக்கிப் போடப்படுகிறது. அதுவும் எல்லாப் பட்டைகளின் சராசரி. எண்களை வைத்து நூற்றில் ஐந்து கற்களுக்குச் சுருக்கிக்கொண்டு, அந்த ஐந்தைக் கண்ணால் பார்ப்பதே சரி.

## 5. வெளிக்கோட்டை கிராஃப் தாளில் பாருங்கள்

இனி வட்டமல்லாதவை. வெளிச்சம் பார்ப்பதற்கு முன் வடிவத்தைப் பாருங்கள். ஜொலிப்பில் மயங்கிய கண் கோணலைக் கவனிக்காது.

கிராஃப் தாளின் மேல் கல்லைக் கவிழ்த்து, டேபிள் தாளில் படும்படி வையுங்கள். கல் ஆடாமல் நிற்கும், வெளிக்கோடு தெளிவாகத் தெரியும். நீளவாக்கில் நடுவே ஒரு கட்டக்கோடு ஓடும்படி சரிசெய்யுங்கள். இரு பக்கமும் சமமான கட்டங்களை அடைக்கிறதா? தாளைச் சுழற்றித் தலைகீழாக மறுபடியும் பாருங்கள். ஒரு பக்கமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத சாய்வு இப்போது தெரியும்.

ஓவலில் இரண்டு முனைகளும் ஒரே வளைவாக இருக்க வேண்டும். பெரும்பாலான குறை தோள்களில் வரும். எடையைக் காப்பாற்றத் தோளைப் புடைக்கவிட்டால் ஓவல் மெத்தை போல ஆகிவிடும், அதிகமாகச் செதுக்கினால் நடுவில் மட்டும் பருத்துத் தெரியும். பியரில் கூர்முனையிலிருந்து இறங்கும் கோடு வட்டமுனையின் நட்டநடுவில் முடிய வேண்டும். பக்கங்கள் லேசாக வளைந்து இறங்க வேண்டும். நேர்க்கோடாக இருந்தால் முக்கோணம்போல் தெரியும். வட்டமுனை அரைவட்டமாக இருக்கிறதா, தட்டையாக அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மார்க்கீஸில் இரண்டு கூர்முனைகளும் ஒரே கோட்டில் வராவிட்டால் மோதிரத்தில் பதித்தபின் கல் திரும்பியிருப்பது போலவே இருக்கும், எந்த ஆசாரியாலும் அதை நேர்படுத்த முடியாது.

ஹார்ட் வடிவத்தில் மேலே உள்ள பிளவு தெளிவாக இருக்க வேண்டும், இரு புடைப்புகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அரை கேரட்டுக்குக் கீழே இந்த வடிவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிடிப்புக் கொக்கிகள் ஏறியபிறகு பிளவு மறைந்து, என்ன வடிவமென்றே தெரியாது.

நீள அகல விகிதம் தரமா, ரசனையா? பெரும்பகுதி ரசனைதான். ஓவலுக்கு 1.35 முதல் 1.50, பியருக்கு 1.5 முதல் 1.7, மார்க்கீஸுக்கு 1.8 முதல் 2.1, எமரால்டுக்கு 1.3 முதல் 1.5 பலருக்கும் பிடித்த வரம்பு. ஆனால் 1.2 விகிதத்தில் வரும் ஓவல், வட்டம் எடுக்கப்போய்த் தவறியது போலத்தான் கண்ணுக்குப் படும். சதுர வடிவங்களில் 1.05-ஐத் தாண்டினால் கண் கண்டுபிடித்துவிடும்.

## 6. நேராகப் பார்த்து ஓட்டையைத் தேடுங்கள்

இப்போது கல்லை நிமிர்த்துங்கள். இரண்டு விரல்களைச் சேர்த்து, அவற்றின் இடுக்கில் டேபிள் மேலே இருக்கும்படி கல்லை உட்கார வையுங்கள். நேர்மேலிருந்து பாருங்கள். டேபிளுக்குள் உங்கள் தோலின் நிறம் தெரிகிறதா? தெரிந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் திரும்பாமல் அடிவழியாகப் போகிறது. கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும் இந்த இடத்தைத் தொழிலில் விண்டோ என்பார்கள். அடிப்பாகம் தட்டையாக வெட்டப்பட்ட ஓவல், எமரால்டு, ரேடியன்ட் கற்களில் இது அதிகம்.

கல்லைச் சாய்த்துப் பார்த்துவிட்டு விண்டோ இருக்கிறது என்று சொல்லாதீர்கள். போதுமான அளவு சாய்த்தால் எந்தக் கல்லிலும் ஊடுருவித் தெரியும். முதல் பார்வை நேர்ப்பார்வையாகவே இருக்கட்டும்.

அதன்பின் மெதுவாக, பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் போகாமல், நான்கு திசையிலும் ஆட்டுங்கள். கல்லின் ஒவ்வொரு பகுதியும் முறைவைத்து விழித்து அணைய வேண்டும். எந்தச் சாய்விலும் விழிக்காத சாம்பல் திட்டு இருந்தால் அது செத்த இடம். அது முகத்தில் எவ்வளவு பங்கு என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

## 7. ஓவல், பியர், மார்க்கீஸ்: போ-டை நிழல்

நீள வடிவங்களில் நடுவே குறுக்காக, கழுத்துப்பட்டை முடிச்சின் வடிவில், இரண்டு கருநிழல்கள் விழும். இதற்குத்தான் போ-டை என்று பெயர். இந்த மூன்று வடிவங்களிலும் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான், ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது.

நிழல் வருவதன் காரணம் புரிந்தால் சோதிப்பது எளிது. நீளமும் அகலமும் வேறுவேறு என்பதால் அடிப்பட்டைகள் எல்லாம் ஒரே கோணத்தில் அமைய முடியாது. நடுப்பகுதியில் உள்ள சில பட்டைகள் நேராகப் பார்ப்பவர் பக்கமே திரும்பி, அவர் தலையின் இருட்டைப் பிரதிபலிக்கின்றன. தலை நகர்ந்தால் அந்த இருட்டும் நகர வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கல்லை 30 சென்டிமீட்டரில் நேராகப் பிடித்து, நிழல் அகலத்தில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பாருங்கள். கல்லை அசைக்காமல் தலையை மட்டும் இடது வலமாக நகர்த்துங்கள். அப்புறம் கல்லைக் குறுக்குவாக்கில் லேசாக ஆட்டுங்கள். கையை முழுதாக நீட்டி இன்னொரு முறை பாருங்கள், மோதிரத்தை மற்றவர்கள் பார்க்கும் தூரம் அதுதான். நிழல் துண்டுதுண்டாக உடைந்து, இருந்த இடத்தில் வெளிச்சம் மின்னி மறைந்தால் கல் நல்லது. விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே கறுப்பாக, தலையை எங்கே நகர்த்தினாலும் அசையாமல் கிடந்தால் வேண்டாம்.

துளியும் போ-டை இல்லாத கல்லைத் தேடி அலைவதும் வீண். கொஞ்சம் கருமை பக்கத்து வெளிச்சத்தை எடுத்துக்காட்டும். கருமையே இல்லாத கற்களில் பல, உற்றுப்பார்த்தால் முழுக்கத் தண்ணீர் போலச் சப்பென்று இருக்கும்.

இணையத்தில் சுழலும் வீடியோவைப் பார்த்து இந்த நிழலைத் தீர்மானிக்காதீர்கள். கேமராவின் கறுத்த லென்ஸ் கல்லுக்கு மிக அருகில் இருப்பதால் நிழல் நிஜத்தைவிடக் கடுமையாகத் தெரியலாம். கழிப்பதற்கு வீடியோ உதவும். இறுதி முடிவுக்கு, கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பும் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் கேளுங்கள்.

ஆழம் 58 முதல் 64, டேபிள் 53 முதல் 63 சதவீதம் என்று ஓவலுக்கும் பியருக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வரம்புக்குள் வந்த கல்லிலும் மோசமான நிழல் இருக்கும், சற்று வெளியே நிற்கும் கல் அருமையாக இருக்கும். இங்கே எண் சொல்வதைவிடக் கண் சொல்வதே மேல். நீள வடிவங்களின் முனைகளில் நிறம் தேங்கும் என்பதையும் மறக்காதீர்கள். நடுவில் வெளுப்பாகத் தெரியும் பியரின் கூர்முனையில் மஞ்சள் தட்டலாம்.

## 8. எமரால்டு, ஆஷர்: படிக்கட்டு ஒளி

இவை வேறு இனம். பட்டைகள் நீண்ட படிகளாக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். சிதறும் மினுமினுப்பை இங்கே எதிர்பார்க்கக்கூடாது. அகலமான வெள்ளை ஒளி, ஒரு படி அணைய அடுத்த படி எரிவது, இதுதான் இவற்றின் அழகு. வட்டத்தைப் பார்த்த கையோடு எமரால்டைப் பார்த்தால் மந்தம் என்று தள்ளிவிடுவீர்கள். எமரால்டை எமரால்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

கல்லை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஆட்டுங்கள். படிகள் முழு நீளத்துக்கும் ஒரே வீச்சில் எரிய வேண்டும். பாதிப் படி எரிந்து மீதி இருண்டிருந்தால் அந்தப் பட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறது. நடு டேபிளுக்குள் எப்போதும் சாம்பலாகவே இருந்தால் விண்டோ அல்லது தவறான ஆழம். எமரால்டில் ஆழம் 60 முதல் 68, டேபிள் 60 முதல் 70 எனக்குச் சரியான வரம்பு. டேபிள் 70-ஐத் தாண்டினால் கிரவுன் தட்டையாகி, கல் சன்னல் கண்ணாடித் துண்டுபோல் ஆகிவிடும்.

ஆஷரில் கல்லுக்குள் சதுரத்துக்குள் சதுரமாகப் படிகள் இறங்கும். நான்கு மூலைகளிலிருந்தும் கோடுகள் உடையாமல் ஓடி அடிமுனையில் ஒரே புள்ளியில் கூட வேண்டும். அந்தப் புள்ளி டேபிளின் நடுவை விட்டு விலகியிருந்தால் கல் முழுவதுமே கோணலாகத் தெரியும். மற்ற வடிவங்களில் மன்னிக்கக்கூடிய சிறு விலகலை இங்கே மன்னிக்க முடியாது.

படி வெட்டுகளில் உள்ளே இருப்பதெல்லாம் வெட்டவெளிச்சம். புள்ளியும் நிறமும் ஒளிய இடமில்லை. உள்ளிருக்கும் குறைகளை வைத்துச் சொல்லும் தெளிவுத் தரத்தில், வட்டத்துக்கு எஸ்ஐ1 எடுப்பவர், எமரால்டுக்கு அதற்கு ஒரு படி மேலான விஎஸ்2-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

## 9. பிரின்சஸ், ரேடியன்ட், குஷன்

பிரின்சஸில் ஆழம் 68 முதல் 75 சதவீதம்வரை வருவது இயல்பு. வட்டத்தின் அளவுகோலோடு பார்த்துப் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது கிரவுன் உயரம். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மேல்பாகத்தில் வர்ணச் சிதறல் வர இடம் இருக்கும். டேபிள் 75-ஐத் தாண்டி, கிரவுன் தட்டையாக இருந்தால் எடை முழுவதும் அடியில் தொங்குகிறது என்று பொருள். அடிப்பாகத்தில் அம்புமுனை வடிவப் பட்டைகள் இரண்டு வரிசையாக இருந்தால் பெரிய ஒளித்துண்டுகள் வரும், நான்கு வரிசையாக இருந்தால் பொடிப்பொடியாக வரும். சிறிய கல்லுக்கு இரண்டு வரிசையே மேல், இல்லாவிட்டால் பொடி ஒளி கண்ணில் கலங்கிவிடும்.

ரேடியன்டில் மூலைகள் வெட்டப்பட்டிருப்பதால் உடையும் பயம் குறைவு. நான்கு மூலைகளும் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மற்றபடி ஆறாவது படியில் சொன்ன விண்டோ சோதனைதான் இதற்கு முக்கியம்.

குஷனில்தான் ஏமாற்றம் அதிகம், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு விதமான கற்கள் விற்கப்படுகின்றன. ரிப்போர்ட்டில் வடிவம் என்ற இடத்தைப் படியுங்கள். குஷன் பிரில்லியன்ட் என்றிருந்தால் பெரும்பாலும் பட்டைகள் பெரியவை, ஒளி பாளம்பாளமாக வரும். குஷன் மாடிஃபைடு பிரில்லியன்ட் என்றிருந்தால் அடிப்பாகத்தில் கூடுதல் பட்டைகள் இருக்கும். அவற்றில் பல கற்கள் பொடித்த ஐஸ்போல் மின்னும். இரண்டில் எது உங்களுக்குப் பிடிக்கிறது என்பது உங்கள் விருப்பம். ஆனால் பொடித்த ஐஸ் என்ற பெயரில், ஓரங்களில் மட்டும் மினுக்கி நடுவில் கலங்கிய நீர்போல் அசையாமல் இருக்கும் கல்லைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஆட்டும்போது நடுவில் தெளிவான ஒளித்துண்டு ஒன்றாவது விழித்து அணைகிறதா என்று பாருங்கள். ஆழம் 70-ஐத் தாண்டிய குஷன்களைப் பார்க்காமலே தவிர்க்கலாம்.

## 10. லூப்பை இப்போது எடுங்கள்

வெளிச்சத்தில் தேறிய இரண்டு மூன்று கற்களை மட்டும் லூப்பில் பாருங்கள். கட் சம்பந்தமாகத் தேட வேண்டியவை குறைவு.

முதலில் கிர்டில். கல்லைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கத்திமுனைபோல் மெலிந்த இடம் பதிக்கும்போது தெறிக்கும். தடித்த இடம் காசை விழுங்கிய எடை. பியர், மார்க்கீஸ் கூர்முனைகளிலும் ஹார்ட்டின் பிளவிலும் கிர்டில் சற்றுத் தடித்திருப்பது அவசியம். ரிப்போர்ட்டில் ‘மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை’ என்று இருந்தால், தடித்த இடம் முனையா பக்கமா என்று பாருங்கள். முனை என்றால் பிரச்சினையில்லை.

அடுத்து மூலைகளும் முனைகளும். பிரின்சஸின் மூலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு தெறிப்பு இருக்கலாம். பிறகு, கிரவுன் பட்டைகளின் முனைகள் அடிப்பட்டைகளின் முனைகளோடு நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று கிர்டிலின் மேலும் கீழும் பாருங்கள். விலகியிருந்தால் மேலும் கீழும் வேறுவேறு திசையில் ஒளியை அனுப்புகின்றன. நேர்ப்பார்வையில் ஏதோ சரியில்லை என்று தோன்றிய கல்லுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கே கிடைக்கும்.

## 11. பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்

ஒரு கல்லைத் தனியாகப் பார்த்தால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். மடித்த வெள்ளை அட்டையின் பள்ளத்தில் ஒரே வடிவம், நெருங்கிய எடை, ஒரே நிறத் தரம் உள்ள மூன்று கற்களை வரிசையாக வையுங்கள். அட்டையை லேசாக ஆட்டுங்கள். எது முதலில் கண்ணை இழுக்கிறது, எது சோர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, இடங்களை மாற்றி வைத்து மறுபடியும் பாருங்கள். இடம் மாறியபிறகும் அதே கல்தான் முந்தினால் உங்கள் கண் சரியாகச் சொல்கிறது. விலையை அதற்குப் பிறகு கேளுங்கள். முன்பே கேட்டால் விலை கூடியது அழகாகத் தெரியத் தொடங்கும்.

ஏழு கல் தோட்டுக்குக் கல் எடுப்பவர்களுக்கும் இதே அட்டை முறைதான். ஜோடிக்குப் பதினான்கு கல். செண்ட் கணக்கில் சமமாக இருந்தால் போதாது, மில்லிமீட்டரில் சமமாக இருக்க வேண்டும். வரிசையாக வைத்து ஆட்டும்போது ஒரு கல் மட்டும் அணைந்தே இருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். பதித்தபின் அந்த ஒன்றுதான் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

## 12. பதிக்கக் கொடுக்கும்போது

பிரின்சஸின் நான்கு மூலைகளுக்கும், பியர், மார்க்கீஸ், ஹார்ட் கூர்முனைகளுக்கும் ‘வி’ வடிவக் கொக்கி கேளுங்கள். சாதாரண உருண்டைக் கொக்கி முனையை மூடாது, ஓர் இடி பட்டால் முனை தெறிக்கும்.

பின்பக்கம் திறந்த செட்டிங்காக இருந்தால் கழுவுவது எளிது. தலைக்கு எண்ணெய் வைக்கும் வீட்டில் தோட்டுக் கல்லின் அடியில் பசை சேர்ந்தே தீரும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் திரவ சோப்பு, மிருதுவான பிரஷ், அவ்வளவுதான்.

கொடுப்பதற்கு முன் கல்லின் அளவுகளையும், லூப்பில் தெரியும் ஒரு புள்ளியின் இடத்தையும் ரிப்போர்ட்டின் நகலில் குறித்துக்கொள்ளுங்கள். கிர்டிலில் ரிப்போர்ட் எண் லேசரில் பொறித்திருந்தால், கொக்கி அதன்மேல் விழாதபடி வைக்கச் சொல்லுங்கள். நகை திரும்பி வந்ததும் முதலில் லூப்பில் அந்த எண்ணைப் படியுங்கள், அப்புறம் சன்னல் ஓரத்தில் நேர்ப்பார்வையை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். கொக்கியின் நிழல் முகத்தில் விழுந்தாலோ, கல் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலோ, அன்றைக்கே திருத்தச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.